எட்டயபுரத்து வயலினும் நம் வீட்டு யுகுலேலேயும்

நம் குடியிருப்பில் இது யுகுலேலே காலம். பிறந்தநாளுக்கு அதைக் கேட்கும் பிள்ளைகளும் உண்டு, ஓய்வுபெற்ற பின் ஏதாவது கற்றுக்கொள்ளலாம் என்று நினைக்கும் பெரியவர்களும் உண்டு. கூடவே ஒரு முணுமுணுப்பும் கேட்கிறது: நாலு தந்தி போட்ட அந்நிய விளையாட்டுச் சாமான் நமக்கு எதற்கு?

பதில் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் மறைந்த எட்டயபுரத்தில், அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சமஸ்தான வித்வானாக இருந்தார். சென்னைப் பக்கம் வாழ்ந்த நாட்களில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றவர் அவர். அன்று அது முழுக்க வெள்ளைக்காரர் வாத்தியம். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடியுமா?

இதில் கவனிக்க வேண்டியது, பெட்டியை யாரும் மாற்றவில்லை என்பதுதான். சம்மணமிட்டு அமர்ந்து வயலினின் தலையைப் பாதத்தில் ஊன்றினார்கள். தந்திகளை ச-ப-ச-ப என்று கூட்டினார்கள். வயலினைத் தாங்கிப் பிடிக்கும் வேலை போனதால் இடக்கை தாராளமாக வழுக்கி ஓடியது, கமகம் பேசியது. தங்கள் பாட்டுக்கு ஏற்றபடி வாத்தியத்தை வளைத்துக்கொண்டார்கள்.

யுகுலேலே பிறந்த கதையும் ஏறக்குறைய இதேதான். முத்துக்காக நம் கரைக்கு வந்து, 1658இல் தூத்துக்குடியை டச்சுக்காரரிடம் பறிகொடுத்த போர்த்துகீசியர் நமக்குப் பழக்கமானவர்கள். அவர்களுடைய மதைரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களை ஏற்றிய ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல் 1879 ஆகஸ்டில் ஹவாயின் ஹொனலுலுவை அடைந்தது. அதில் மரவேலை தெரிந்த மூவர் இருந்தார்கள்: மனுவேல் நூனஸ், அகஸ்டோ டயஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சான்டோ. தங்கள் தீவின் மஷெட் என்னும் குட்டிக் கிட்டாரை, ஹவாயில் வளரும் கோஆ என்ற மரத்தில் (நம் கோவாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) செய்து விற்றார்கள். மன்னர் கலாகவுவாவுக்கு அது பிடித்துப்போனது. 1915இல் சான்பிரான்சிஸ்கோ கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுவதும் பரவியது.

ஆகவே வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது பிராண்டை அல்ல; தான் என்ன பாடுவோம் என்பதை. சிறியதான சொப்ரானோ சுமார் 21 அங்குலம். பிள்ளைகளின் கைக்கு அடக்கம், கிறிஸ்துமஸ் கேரலுக்குத் தட்டிப் பாட ஏற்றது. பெரியவர் விரலுக்கு அதில் மெட்டுகள் நெருக்கமாகப் படும். 23 அங்குலக் கான்சர்ட் வசதி. சினிமாப் பாட்டின் ராகத்தைத் தனித்தனி ஸ்வரமாக மீட்ட விரும்புகிறவர் 26 அங்குலத் டெனரைப் பார்க்கலாம். வழக்கமான யுகுலேலேயில் மேலே உள்ள முதல் தந்தி, அடுத்ததைவிட உச்ச ஸ்தாயியில் ஒலிக்கும். அதனால்தான் அந்தத் துள்ளல் ஓசை. டெனரில் அதற்குப் பதில் கீழ் ஸ்தாயித் தந்தியைப் போட்டால் மந்திரத்துக்கும் கொஞ்சம் இடம் கிடைக்கும். கிட்டார் தெரிந்தவருக்கு பாரிட்டோன்; அதன் சுருதி கிட்டாரின் கடைசி நான்கு தந்திகளுடையதே.

சுருதிக்குக் கவலை வேண்டாம். சி என்பது 1 கட்டை. இரண்டாம் மெட்டில் கேப்போவை மாட்டினால் அதே விரல் பிடிப்பு 2 கட்டைக்கு வந்துவிடும். ஆனால் வயலின் போல முழுக் கமகத்தை எதிர்பார்க்க முடியாது. கீர்த்தனை வாசிப்பதுதான் ஆசை என்றால், என் கருத்தில், அந்தப் பணத்தை வயலினிலோ வீணையிலோ போடுவதே மேல்.

நம் உப்புக் காற்றுக்கு நைலான் தந்தி துருப்பிடிக்காது. முறுக்காணிகளின் உலோகம் பிடிக்கும். முழு மரத்தில் செய்தது நல்ல நாதம் தரும், ஆனால் ஈரத்தில் உப்பும். ஒட்டுப் பலகையில் செய்தது அவ்வளவு இனிமை இல்லை, தாங்கும். எதை வாங்கினாலும் கடல் பார்த்த பால்கனிச் சுவரில் அழகுக்கு மாட்டாமல், உறையில் போட்டு உள்ளறையில் வையுங்கள்.