தேய்வும் கூர்மையும்: கோல்ஃப் மட்டையின் வரிப்பள்ளங்கள்

விளையாட்டுகளின் வரலாறு பெரும்பாலும் வெற்றியாளர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. கருவிகளுக்கு அதில் ஓரிரு வரிகளுக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. ஆனால் கோல்ஃப் மட்டையின் இரும்பு முகத்தில் கிடையாக ஓடும் மெல்லிய கோடுகளுக்கென்று தனி வரலாறே உண்டு. அரை மில்லிமீட்டர் ஆழத்தைத் தாண்டக்கூடாத அக்கோடுகளுக்காகத் தடைகள் பிறந்திருக்கின்றன. பத்துக் கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுக்கப்பட்டிருக்கிறது. புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஒருவர் ஏமாற்றுகிறார் என்று சக ஆட்டக்காரரே வெளிப்படையாகக் குற்றம் சாட்டியிருக்கிறார். தேய்ந்துபோன கோடுகளை உளி போன்ற ஒரு சிறு கருவியால் மீண்டும் கூராக்கிக்கொள்ளலாமா என்ற எளிய கேள்விக்குக்கூட இந்த வரலாற்றைக் கடந்துதான் விடை காண வேண்டியிருக்கிறது.

கோல்ஃப் அறியாத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இரும்பு மட்டையின் முகம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அடிபடும் கணத்தில் பந்து அச்சாய்வில் சற்றே ஏறி, பின்னோக்கிச் சுழன்றபடி மேலெழுகிறது. இப்பின்சுழற்சியே பந்தைக் காற்றில் தாங்குகிறது; குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில் விழுந்ததும் உருண்டோடாமல் நிற்கச் செய்வதும் அதுவே. முகத்திலுள்ள கோடுகளை இக்கட்டுரையில் வரிப்பள்ளங்கள் என்றே குறிப்பிடுகிறேன். அவற்றின் விளிம்பு பந்தைப் பற்றி இழுப்பதால்தான் சுழற்சி பிறக்கிறது என்பது பரவலான நம்பிக்கை. உண்மை வேறு. உலர்ந்த குட்டைப்புல்லில் கிடக்கும் பந்தை அடிக்கையில், பள்ளமே இல்லாத, சற்றே சொரசொரப்பான முகமும் ஏறக்குறைய அதே சுழற்சியைத் தந்துவிடும். பள்ளங்களின் தேவை தெரிவது நெடும்புல்லிலும் ஈரத்திலும்தான். மட்டைக்கும் பந்துக்கும் இடையில் நசுங்கும் புல்லின் சாறும் பனிநீரும் ஒதுங்கிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். மழைநாளில் டயரின் வரிகள் சாலை நீரை ஒதுக்குவது போன்ற வேலை இது.

இதில் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. பந்தைச் செம்மையாக அடித்து ஆடுபாதையில் நிறுத்தியவருக்குப் பள்ளங்களின் உதவி அதிகம் தேவைப்படுவதில்லை. பாதை தவறி நெடும்புல்லுக்குள் அடித்தவருக்கே அவை கைகொடுக்கின்றன. பின்னாளில் எழுந்த பூசல்களின் வேர் இங்கேதான் இருக்கிறது.

தழும்பு பட்ட பந்து

கோடுகள் முதலில் தோன்றியது மட்டையில் அல்ல, பந்தில். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதி வரை ஸ்காட்லாந்தில் தோலுறைக்குள் இறகுகளைத் திணித்துத் தைத்த பந்துகளே புழக்கத்தில் இருந்தன. 1848 வாக்கில் மலாய் நாட்டு மரங்களின் பாலிலிருந்து கிடைக்கும் கட்டாபெர்ச்சா என்ற பொருளால் ஆன பந்து வந்தது. விலை மலிவு, நீண்ட நாள் உழைக்கும், உடைந்தால் உருக்கி மீண்டும் உருட்டிக்கொள்ளலாம். ஆனால் வழவழப்பான புதுப்பந்து சரியாகப் பறக்கவில்லை. அடிபட்டு வெட்டுக்காயம் கண்ட பழைய பந்து நன்றாகப் பறந்தது. இதைக் கவனித்தவர்கள் புதுப்பந்தின் மீதும் சுத்தியலால் வரிவரியாகக் கீறத் தொடங்கினார்கள். இன்றைய பந்தின் குழிகளுக்கு அந்தத் தழும்புகளே முன்னோடி.

பந்து பறக்கும் இரகசியத்தை ஆராய்ந்தவர் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் பீட்டர் கத்ரி டெய்ட். பின்சுழற்சிதான் பந்தைத் தாங்கிச் செல்கிறது என்பதை 1890களில் எழுதிய கட்டுரைகளில் அவர் நிறுவினார். அவருடைய மகன் ஃபிரெடி டெய்ட் 1896இலும் 1898இலும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வென்ற ஆட்டக்காரர். தந்தை கணக்கில் கண்டதை மகன் களத்தில் செய்துகாட்டிக்கொண்டிருந்தார். 1900இல் தென்னாப்பிரிக்கப் போரில் மகன் மாண்டார். அடுத்த ஆண்டே தந்தையும் மறைந்தார்.

கொல்லன் பட்டறையிலிருந்து தடை வரை

பழைய இரும்பு மட்டைகளைக் கொல்லர்கள் அடித்துச் செய்தார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸில் பட்டறை வைத்திருந்த டாம் ஸ்டூவர்ட் தம் மட்டைகளில் புகைக்குழாய் முத்திரை பதிப்பார். பழம்பொருள் சேகரிப்போர் இன்றும் அம்முத்திரையைத் தேடுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதி வரை மட்டை முகங்கள் பெரும்பாலும் வழவழப்பாகவே இருந்தன. பிறகு புள்ளிகளும் கோடுகளும் தோன்றின. அக்காலத்து இரும்பு எளிதில் துருப்பிடிப்பது. ஆகவே ஆட்டம் முடிந்ததும் உப்புத்தாளால் தேய்த்துத் துருவை எடுப்பது வழக்கம். துரு போகும், அத்துடன் கோடும் சிறிது சிறிதாகப் போகும். பராமரிப்பே தேய்வுக்குக் காரணமாக இருந்த காலம் அது.

கோடுகள் அகன்று ஆழமானபோது சிக்கல் தொடங்கியது. 1921ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஓபன் போட்டி செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்தது. அவ்வூரிலேயே பிறந்து அமெரிக்காவில் குடியேறியிருந்த ஜாக் ஹட்சிசன் ஆழ்ந்த வரிகள் கொண்ட மட்டைகளுடன் வந்தார். அமெச்சூர் ஆட்டக்காரரான ரோஜர் வெதரெட்டும் அவரும் 296 அடிகளில் சமநிலை கண்டனர். வெதரெட் பின்னோக்கி நடக்கையில் தம் பந்தையே மிதித்துவிட்டு ஓர் அடி அபராதம் பெற்றிருந்தார். அது இல்லையேல் பட்டம் அவருடையது. மறுஆட்டத்தில் ஹட்சிசன் 150, வெதரெட் 159. கோப்பை அட்லாண்டிக்கைக் கடந்தது. விரைவிலேயே ஆழவரி மட்டைகளைச் செயின்ட் ஆண்ட்ரூஸின் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கழகம் தடைசெய்தது. சில ஆண்டுகளில் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் அவ்வழியே சென்றது. திறமை கையில் இருக்கிறதா கருவியில் இருக்கிறதா என்ற கேள்வி முதன்முறையாகச் சட்டத்தின் மொழியில் கேட்கப்பட்டது எனலாம்.

மயிரிழை வழக்கு

அக்கேள்வி மீண்டும் பெரிதாக எழுந்தது 1980களில். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பொறியாளர் கார்ஸ்டன் சோல்ஹைம், பிங் என்ற பெயரில் மட்டைகள் செய்துவந்தார். அதுவரை பள்ளங்கள் ‘வி’ வடிவில் இருந்தன. வார்ப்பு முறையில் மட்டை செய்வோருக்கு வசதியாக 1984இல் ‘யு’ வடிவமும் அனுமதிக்கப்பட்டது. சோல்ஹைமின் ‘பிங் ஐ2’ மட்டைகளில் அவ்வடிவம் வந்தபோது, கூரிய விளிம்புகள் பந்தின் மென்தோலைச் சீவின. ஆட்டக்காரர்கள் முறையிட, அவர் விளிம்புகளை மழுக்கினார்.

சிக்கல் அந்த மழுக்கலில்தான் முளைத்தது. விளிம்பு வளைந்துவிட்டால் பள்ளம் எங்கே தொடங்குகிறது? வளைவின் தொடக்கத்திலா, செங்குத்துச் சுவரிலா? அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் அளவைப்படி பள்ளங்களுக்கு இடையேயான தூரம் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு குறைந்தது. சோல்ஹைமின் அளவைப்படி குறையவில்லை. 1989இல் அவர் பத்துக் கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். 1990 ஜனவரியில் உடன்பாடு ஏற்பட்டது: இனிச் செய்பவை புதிய அளவைக்கு உட்பட வேண்டும், ஏற்கெனவே செய்தவை செல்லும். தொழில்முறை ஆட்டங்களை நடத்தும் பிஜிஏ டூருடன் தனியாக நடந்த வழக்கு 1993இல் முடிவுக்கு வந்தது.

அந்தப் பழைய உடன்பாடு இருபது ஆண்டுகள் கழித்து எதிர்பாராத விதத்தில் உயிர்பெற்றது. நெடும்புல்லிலிருந்து அடித்தாலும் பந்து கட்டுக்குள் நிற்கிறது, பாதை தவறியதற்குத் தண்டனையே இல்லை என்ற கவலையால் 2008இல் புதிய விதி அறிவிக்கப்பட்டது. பள்ளத்தின் கொள்ளளவு சுருக்கப்பட்டது. 25 பாகையும் அதற்கு மேலும் சாய்வுள்ள மட்டைகளில் விளிம்பின் வளைவு ஆரம் 0.010 அங்குலத்திற்குக் குறையக்கூடாது என்று விதிக்கப்பட்டது. 2010 ஜனவரி 1 முதல் உயர்மட்டப் போட்டிகளில் இது நடைமுறைக்கு வந்தது. அம்மாதமே ஃபில் மிக்கல்சன் பழைய பிங் ஐ2 மட்டையுடன் களமிறங்கினார். 1990இன் உடன்பாட்டின்படி அது சட்டபூர்வமானது. சக ஆட்டக்காரர் ஸ்காட் மெக்கரன் அதை ஏமாற்று என்றார். பின்னர் வருத்தம் தெரிவித்தார். அவ்வாண்டு மார்ச்சில் பிங் நிறுவனம் தொழில்முறைப் போட்டிகளைப் பொறுத்தவரை அவ்வுரிமையை விட்டுக்கொடுத்தது.

கூராக்கும் கை

இனி அந்தச் சிறு கருவிக்கு வருவோம். உள்ளங்கையில் அடங்கும் பிடி; முனையில் கடினமாக்கிய எஃகு. மணலும் பயிற்சியும் மட்டையின் விளிம்புகளை மழுக்கியபின், கருவியைப் பள்ளத்தில் பதித்து, ஒரே திசையில், மெல்ல, பலமுறை இழுக்க வேண்டும். கை சறுக்கினால் மேற்பூச்சு கீறப்படும். கீறிய இடத்தில் துரு ஏறும். அழுத்தினால் பள்ளம் அகலும்.

தேய்ந்த அம்மியைக் கொத்தி வைத்தால் யாரும் குறை சொல்வதில்லை. கோல்ஃப் மட்டை அப்படியல்ல. விதிப்படி, முறையாகச் செய்த மட்டை ஆடி ஆடித் தேய்ந்து மாறினால் அம்மாற்றம் குற்றமல்ல. அது செல்லுபடியான மட்டையே. ஆனால் ஒருவர் வேண்டுமென்றே மாற்றிய மட்டை, மாறிய நிலையில் விதிக்கு உட்பட்டாக வேண்டும். அகலம் 0.035 அங்குலம், ஆழம் 0.020 அங்குலம் என்ற எல்லைகளுக்குள் அது நிற்க வேண்டும். இடைவெளி அகலத்தைப்போல் மும்மடங்கேனும் இருக்க வேண்டும். கூராக்குவது தன்னளவில் தடைசெய்யப்பட்டதல்ல. ஆனால் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கை வெறுங்கையால் யார் அறிவார்? பொறியாளர்களும் வழக்கறிஞர்களும் நான்காண்டுகள் வாதிட்ட அளவை அது. விளிம்பைக் கூராக்குவதே கருவியின் நோக்கம் என்றிருக்க, விளிம்பு கூராக இருக்கக்கூடாது என்பதே இன்றைய விதி.

காலம் செய்யும் மாற்றத்தை மன்னிக்கும் சட்டம், கை செய்யும் மாற்றத்தை ஐயுறுகிறது. இதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு நெருடலும் இருக்கிறது. தொழில்முறை ஆட்டக்காரர் மட்டை தேய்ந்தால் புதியதை எடுத்துக்கொள்கிறார். நிறுவனமே அவருக்குத் தருகிறது. அவர் கூர்மையை மீட்டுக்கொண்டதாக எவரும் சொல்வதில்லை. புதிய மட்டை வாங்க இயலாமல் பழையதைக் கீறிக்கொண்டிருப்பவரின் செயலே ஐயத்திற்கு உள்ளாகிறது. புதுப்பித்தல் ஒருவருக்கு வாங்குதல், இன்னொருவருக்குக் கைவேலை. விதி கண்காணிப்பது கைவேலையை மட்டுமே.

பள்ளத்தின் வேலை பற்றுவதல்ல, வழிவிடுவதே என்பதை ஏற்றுக்கொண்டால் எளியவருக்கும் ஒரு வழி புலப்படும். மண் அடைத்த பள்ளம், எவ்வளவு கூராக இருந்தாலும் தேய்ந்த பள்ளத்திற்கு ஒப்பானது. ஒவ்வோர் அடிக்கும் பின் தூரிகையாலும் நீராலும் அதைத் துலக்கிவிட்டால், இழந்ததாக எண்ணிய பயனில் கணிசமான பங்கு திரும்பக் கிடைத்துவிடும். அதற்கு எந்த அளவைக் கருவியும் வேண்டாம். எந்த விதியும் அதைத் தடுக்கவில்லை.