உயரமான கேக்கும் கால்டன் போட்ட நேர்வெட்டும்

சேலம் ஜங்ஷன் இருக்கிற சூரமங்கலத்துல இருந்து பேசறேன். இன்னிக்கு எபிசோடு கேக் வெட்டுற வரலாறு. சிரிக்காதீங்க, 'நேச்சர்' அறிவியல் பத்திரிகையே இதை அச்சுல போட்டிருக்கு.

1906 டிசம்பர் 20 இதழ். கடிதம் எழுதினவர் பிரான்சிஸ் கால்டன், அப்போ வயசு 84. வட்டக் கேக்கை முக்கோணத் துண்டா எடுத்தா, மிச்சத்தோட வெட்டுப்பட்ட பக்கம் காய்ஞ்சு போகுதுங்கிறதுதான் அவர் புகார். அதனால நடுவுல இணையா ரெண்டு நேர்வெட்டு போடச் சொன்னார். அந்தப் பட்டையைச் சாப்பிட்டுட்டு, மீதி ரெண்டு பாதியையும் ஒட்டவெச்சு ஒரு ரப்பர் பேண்ட். அடுத்த தடவை குறுக்கே அதே மாதிரி. உள்பக்கம் காத்தே படாது! 'யூஜெனிக்ஸ்'ங்கிற வார்த்தையை 1883-ல உருவாக்கினவரும் இதே ஆள்தான். மனுஷங்களைத் தரம் பிரிக்கப் போகாம கேக்கோட நின்னிருக்கலாம்.

அவர் கணக்கு போட்டது சின்னக் கேக்குக்கு. உயரமான கேக் அரச கல்யாணங்கள்ல வளர்ந்தது, சாப்பிடறதை விடப் பாக்கறதுக்கு. 1858-ல விக்டோரியா ராணியோட மூத்த மகள் கல்யாணத்துல அடித்தட்டு மட்டும்தான் கேக், மேலே இருந்தது சர்க்கரை வேலைப்பாடு. 1947 நவம்பர் 20, எலிசபெத் கல்யாணம்: நாலு அடுக்கு, 9 அடி, சுமார் 225 கிலோ. பிரிட்டன்ல ரேஷன் காலம்ங்கிறதால ஆஸ்திரேலியப் பெண் சாரணர்கள் பொருள் அனுப்பினாங்க. முதல் வெட்டு, மாப்பிள்ளை பிலிப்போட வாளால. போட்டோவுக்கு வாள் சரி, பந்திக்கு?

இலங்கையில இதுக்கு ஒரு வழி இருக்கு. பல கல்யாணங்கள்ல மேடையில நிக்கிறது தெர்மாக்கோல் மேல ஐசிங். விருந்தாளி கைக்கு வர்றது, முன்கூட்டியே அளவா வெட்டிப் பேப்பர்ல சுத்தின துண்டு.

நம்ம வீட்டுப் பிறந்தநாள்ல அப்படி முடியாது. 6 அங்குல அகலம், 6 அங்குல உயரத்துல கேக் வருது. முக்கோணமா வெட்டினா 12 துண்டு. அதுவும் நிக்காது, சாயும், அடுக்கு பிரியும். கடைசியா வாங்குறவங்களுக்கு, அதாவது சமையக்கட்டுல நின்ன அத்தைக்கும் கேட்ல நிக்கிற வாட்ச்மேன் அண்ணனுக்கும், தூளும் கிரீமும்தான் மிச்சம்.

கால்டனோட நேர்வெட்டையே எடுத்துக்குங்க. கேக்கோட பக்கவாட்டுல சுத்தமான கட்டிங் போர்டை அணைச்சுப் பிடிச்சு, ஓரத்துல இருந்து ஒரு அங்குலம் தள்ளி மேலிருந்து கீழே நேரா வெட்டுங்க. அந்தப் பட்டை அப்படியே போர்டு மேல சாயட்டும். படுத்த பட்டையை 3-க்கு 2 அங்குலத் துண்டாப் போடலாம்; நடுப்பட்டையில மட்டும் ஆறு துண்டு. மொத்தக் கேக் சுமார் 170 கன அங்குலம், ஒரு துண்டு 6. கணக்குப்படி 28 பேர். உதிர்றதும் கத்தியில ஒட்டுறதும் போக 24-ன்னு வைங்க.

சேலம் வெயிலுக்கு, வெட்டுறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் ஃபிரிட்ஜ்ல இருக்கணும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை வெந்நீர்ல முக்கித் துடைங்க. உயரக் கேக் சாயாம இருக்க உள்ளே குச்சியோ ஸ்ட்ராவோ சொருகியிருப்பாங்க. எங்கே எத்தனை இருக்குன்னு கேக் வாங்கும்போதே பேக்கரில கேட்டுடுங்க.