திருகோணமலையில் குழாயும் அதன் பழுதுபார்ப்பும்

திருகோணமலைத் துறைமுக நகரின் குசினிகளில் இன்று திறக்கப்படும் குழாய்நீர், நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கந்தளாய்க் குளத்தில் தேங்கி, சுத்திகரிக்கப்பட்டு, நிலத்தடிக் குழாய்களின் வழியே வந்து சேர்வதாகும். ஆகவே இம்மாவட்டத்தில் குழாய் என்னும் கருவியின் வரலாறு, வீட்டுச் சுவரில் பொருத்தப்பட்ட பித்தளைத் துண்டிலிருந்து தொடங்காமல், குளத்தின் துருசிலிருந்து, அதாவது அணைக்கட்டின் அடியில் நீரை அளந்து வெளியே விடும் மதகிலிருந்து தொடங்குவதே முறையாகும்.

கந்தளாய்க் குளத்தின் தோற்றத்தைச் சிங்கள மரபு மகாசேனன், இரண்டாம் அக்கபோதி ஆகிய மன்னர்களின் பெயரோடும், கோணேசர் கல்வெட்டு என்னும் தமிழ் நூல் குளக்கோட்டனின் பெயரோடும் இணைத்துப் பேசுகின்றன. இலங்கையின் பண்டைய பெருங்குளங்களில், அழுத்தத்தோடு பாயும் நீரின் வேகத்தைத் தணித்து அதன் அளவைக் கட்டுப்படுத்துவதற்காக, பிசோகொட்டுவ எனச் சிங்களத்தில் வழங்கும் சதுரக் கற்கிடங்கு துருசோடு சேர்த்துக் கட்டப்பட்டது. ஆங்கிலேய நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர், 1909இல் வெளியிட்ட பண்டைய இலங்கை பற்றிய நூலில், இக்கிடங்கை நவீன வால்வுக் கிடங்கின் முன்னோடியாகக் கண்டார். அவரது கருத்து மிகையன்று. அழுத்தத்தைத் தாங்குதல், அளந்து திறத்தல், முற்றாக மூடுதல் என்னும் மூன்று வேலைகளையே துருசும் செய்கிறது, குசினிக் குழாயும் செய்கிறது. இரண்டிலும் முதலில் தேய்வது மூடும் உறுப்பே என்பதனால், பராமரிப்பின் பெரும்பகுதி எக்காலத்திலும் அவ்வுறுப்பைச் சுற்றியே அமைந்தது.

நீரின் கட்டுப்பாடு தவறும்போது நேர்வது என்ன என்பதை இம்மாவட்டம் கடுமையாக அறிந்திருக்கிறது. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் கந்தளாய் அணைக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2006 யூலையில் மாவிலாற்றின் மதகு மூடப்பட்டதும், ஆயிரக்கணக்கான விவசாயக் குடும்பங்களுக்கு நீர் நின்றுபோக, அம்மதகைத் திறப்பதற்கான மோதலே உள்நாட்டுப் போரின் இறுதிக்கட்டத்துக்குத் தொடக்கமாயிற்று. நீரைத் திறக்கும் மூடும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது இங்கு ஒருபோதும் சிறிய விடயமாக இருந்ததில்லை.

வீட்டுக் குழாய் இதற்கு மாறாக அமைதியான பாதையில் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை ஐரோப்பிய நகரங்களில் வழங்கியது செருகு குழாய். துளையிட்ட கூம்பு வடிவ அடைப்பைக் கால் சுற்றுத் திருப்பினால் நீர் பாயும், மீண்டும் திருப்பினால் சட்டென நிற்கும். நாளின் சில மணி நேரம் மட்டும் குறைந்த அழுத்தத்தில் நீர் வந்தவரை அது போதுமானதாக இருந்தது. இடையறாத உயரழுத்த விநியோகம் பரவியபோது, சட்டென மூடுவதால் எழும் அதிர்ச்சி ஈயக் குழாய்களை வெடிக்கச் செய்தது. 1845இல் இங்கிலாந்தின் றொதரம் நகரிலிருந்த கெஸ்ட் அன்ட் கிறைம்ஸ் பித்தளை வார்ப்பகம் காப்புரிமை பெற்ற திருகு குழாய் இச்சிக்கலைத் தீர்த்தது. திருகுத் தண்டு மெல்ல இறங்க, அதன் நுனியிலுள்ள வாசர், அதாவது தோலாலும் பின்னர் இறப்பராலும் ஆன வட்டத் துண்டு, குழாயின் உள்ளே உள்ள இருக்கையில் அழுந்தி நீரை நிறுத்துகிறது. தேயும் பாகத்தை வேண்டுமென்றே மலிவான, எளிதில் மாற்றக்கூடிய ஒரு துண்டாக ஆக்கியதே இவ்வமைப்பின் உண்மையான சிறப்பு. பழைய மிதிவண்டி ரியூப்பிலிருந்து வெட்டிய இறப்பர் வட்டமும் அவ்விடத்தை நிரப்பக்கூடும் என்பதனால், பழுதுபார்ப்பு வீட்டாரின் கைக்கு எட்டியது.

பிரித்தானியர் 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றி, 1957இல் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைக்கும்வரை இங்கு நிலைகொண்டிருந்தனர். அவர்கள் சென்றபின்னும் அவர்களது மரையளவு, அதாவது திருகுப் பற்களின் அளவுமுறை, நாடெங்கும் நிலைத்தது. யோசப் விட்வேர்த் 1841இல் முன்வைத்த 55 பாகைப் பல்லமைப்பிலிருந்து வளர்ந்த இம்முறையில், அரை அங்குலக் குழாயின் மரை ஓர் அங்குலத்துக்கு 14 பற்களைக் கொண்டது. அரை அங்குலம் என்பது பழைய இரும்புக் குழாயின் உள்விட்டத்தைக் குறித்தமையால், மரையின் வெளிவிட்டத்தை அளந்தால் ஏறத்தாழ 21 மில்லிமீற்றர் வரும். கடைக்குச் செல்வோர் அளவுகோலை நம்பி ஏமாறுவதற்கு இதுவே காரணம்.

ஆயினும் நகருக்கு வெளியே நெடுங்காலம் கிணறே ஆட்சி செய்தது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 1975இல் செயற்படத் தொடங்கிய பின்னரும் மூதூர், கிண்ணியாப் பகுதிகளின் மணற்பாங்கான கரையோரங்களில் ஆழமற்ற கிணறுகளே குடிநீர் தந்தன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை அக்கிணறுகளை உவர்ப்பாக்கியது. மக்கள் பவுசர் வண்டிகளின் முன் குடங்களோடு காத்து நின்றனர்.

ஒற்றைக் கைப்பிடிக் குழாய் இவ்வரலாற்றில் மிகப் பிந்திய வரவு. 1937இல் அமெரிக்கரான அல்பிரட் மோயன், இரட்டைக் கைப்பிடிக் குழாயிலிருந்து எதிர்பாராது பாய்ந்த வெந்நீர் கையிற் பட்டதனால், சூட்டையும் அளவையும் ஒரே பிடியால் ஆளும் கருவியைச் சிந்தித்தார். அது 1947இல் விற்பனைக்கு வந்தது. பின்னர் உள்ளுறுப்பாகச் செராமிக் தகடுகள் இடம்பிடித்தன. கண்ணாடிபோல் மெருகேற்றிய இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும்போது அவற்றின் துளைகள் நேர்ப்பட்டால் நீர் பாய்கிறது, விலகினால் நிற்கிறது. இத்தகடுகளை அடக்கிய உருளையே காட்ரிட்ஜ்.

குளிர்நாட்டுத் தேவைக்குப் பிறந்த இக்கருவிக்குத் திருகோணமலைக் குசினியில் கலப்பதற்கு வெந்நீர் பெரும்பாலும் இல்லை. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் வெவ்வேறு சூட்டில் நீர் ஊறுகிறது எனினும், அது அந்தியேட்டிச் சடங்குக்கும் நீராடலுக்கும் உரியது. ஆகவே குழாயின் இரண்டு உள்வாய்களில் ஒன்றுக்கு மட்டும் நீர் தந்து மற்றதை அடைத்துவிட்டால், கைப்பிடியை வெந்நீர்ப் பக்கம் திருப்பும்போது நீர் வராது. இது பழுதன்று, ஆனால் பழுதெனக் கருதிக் குழாயையே மாற்றிவிட இடமுண்டு.

உண்மையான பழுதைக் கசியும் இடமே காட்டிக்கொடுக்கும். மூக்கு நுனியில் சொட்டினால் தகடுகளில் கீறலோ மணலோ உண்டு. மூக்கின் அடிப்பகுதியில் கசிந்தால் இறப்பர் வளையங்கள் தேய்ந்துள்ளன. நீரின் விசை மட்டும் குறைந்தால், காட்ரிட்ஜைத் தொடும் முன் நுனியிலுள்ள வலைச்சல்லடையைக் கழற்றிக் கழுவ வேண்டும். காட்ரிட்ஜை எடுப்பதற்கு, கழுவுதொட்டியின் கீழுள்ள வால்வுகளை மூடி, கைப்பிடியைத் திறந்து எஞ்சிய அழுத்தத்தை விடுவித்து, நிற மூடியின் பின்னுள்ள சிறு திருகாணியை அலன் சாவியால் தளர்த்தி, கவசத்தையும் பூட்டு நட்டையும் கழற்றினால் போதும். புதியதை இடுமுன் உட்குழியிலுள்ள மணலையும் கிணற்று நீரின் சுண்ணாம்புப் படிவையும் துடைத்தகற்றாவிடின், புதிய தகடும் விரைவிற் கீறப்படும்.

வாசர் குழாய்க் காலத்தில், சொட்டும்போது இறுக்கித் திருகும் வழக்கம் கைகளில் படிந்தது. இறப்பரை மேலும் நசுக்குவதால் அங்கு அது சிறிது பயன் தந்தது. செராமிக் குழாயில் எவ்வளவு அழுத்தினாலும் கசிவு குறையாது, கைப்பிடியே உடையும். பழைய குழாயில் இறப்பர்த் துண்டால் முடிந்த வேலைக்கு இன்று முழு உருளையையே வாங்க வேண்டியுள்ளமை வீட்டாரின் சுதந்திரத்துக்கு நேர்ந்த மெய்யான இழப்பாகும். எனினும் அவ்வேலை வீட்டாரின் கைக்கு அப்பாற்பட்டதாகிவிடவில்லை. உருளைகள் பெரும்பாலும் 35 அல்லது 40 மில்லிமீற்றர் விட்டத்திலேயே வருவதால், குழாய் வாங்கும் நாளிலேயே அதன் அளவைக் கேட்டுக் குறித்துவைப்பதும், தொட்டியின் கீழ் தனி வால்வு பொருத்துவதும் இம்மாவட்டத்தின் ஒவ்வொரு வீட்டாரும் செய்ய வேண்டியவை. அந்த வால்வு இல்லாத வீட்டில், ஒரு சிறு வளையத்தை மாற்றுவதற்கும் வீடு முழுவதன் நீரையும் நிறுத்த நேரும்.