வீட்டுக்குள் வாழும் சிற்றுயிர்கள்: எவற்றுக்கு அஞ்ச வேண்டும், எவற்றை விட்டுவிடலாம்

ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் நிலவும் இலங்கையில் வீடு மனிதருக்கு மட்டும் உரிய இடமாக இருப்பதில்லை. ஓட்டுக்கூரையின் இடுக்கில் பல்லியும், சமையலறை அலுமாரியின் பின்புறத்தில் கரப்பான் பூச்சியும், விறகுக் குவியலின் அடியில் தேளும், நெல் மூடை அடுக்கிய அறையில் எலியும், அந்த எலியைத் தேடிப் பாம்பும் வந்து சேர்கின்றன. யன்னல்களை மூடிவைத்து வாழ இயலாத காலநிலையில் இவற்றை முற்றாக வெளியேற்றுவது நடைமுறையில் சாத்தியமன்று.

எனினும், இவற்றுள் எவை ஆபத்தானவை என்பது குறித்து மக்களிடையே நிலவும் எண்ணம் பல வேளைகளில் தலைகீழாக உள்ளது. உருவில் பெரியவையும் சட்டெனக் கண்ணில் படுபவையும் அதிகம் அஞ்சப்படுகின்றன. உயிரைப் பறிக்கக்கூடியவையோ ஓசையின்றி வந்து, சில வேளைகளில் வலியும் தராமல் கடித்துச் செல்கின்றன. உங்கள் கவனத்தையும் நேரத்தையும் எங்கே செலவிட வேண்டும் என்பதைத் தீர்மானிக்க இக்கட்டுரை உதவும்.

கட்டுவிரியன்: உறக்கத்தில் நேரும் கடி

வீட்டுக்குள் நேரும் பாம்புக்கடிகளில் மிகவும் கொடியது கட்டுவிரியன் கடியாகும். கண்டங்கருவளை என்றும் அழைக்கப்படும் இப்பாம்பு, நீலம் கலந்த பளபளப்பான கரிய உடலையும் அதன் குறுக்கே மெல்லிய வெண்ணிற வளையங்களையும் கொண்டது. பகலில் மந்தமாகச் சுருண்டு கிடக்கும். இரவில் எலி, பல்லி, பிற பாம்புகள் ஆகியவற்றைத் தேடி வீட்டுக்குள் நுழையும். தரையில் பாய் விரித்து உறங்குபவர் புரண்டு படுக்கும்போது அதன்மேல் கையோ காலோ பட்டால் கடித்துவிடுகிறது. நள்ளிரவுக்கும் விடியற்காலைக்கும் இடைப்பட்ட நேரத்தில், தரையில் உறங்குவோருக்கே இக்கடி பெரும்பாலும் நேர்கிறது. உலர் வலயத்துக் கிராமங்களில் இது நன்கு அறியப்பட்ட துயரமாகும்.

இக்கடியின் கொடுமை அதன் அமைதியில் உள்ளது. பற்கள் சிறியவை, கடித்த இடத்தில் வீக்கமோ இரத்தமோ இல்லாதிருக்கலாம், தழும்பே தெரியாமலும் போகலாம். எறும்பு கடித்தது என எண்ணி மீண்டும் உறங்கிவிடுவோர் உள்ளனர். சில மணி நேரத்தில் கடுமையான வயிற்றுவலியும் வாந்தியும் தொடங்கும்போது, இரவு உண்ட உணவு ஒத்துக்கொள்ளவில்லை எனக் குடும்பத்தினர் கருதி, இஞ்சித் தேநீர் கொடுத்துக் காத்திருக்கக்கூடும். அதன்பின் கண்ணிமைகள் சரிகின்றன. பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. விழுங்கவும் வாயைத் திறக்கவும் இயலாமற் போகிறது. இறுதியில் மூச்சுத் தசைகள் செயலிழக்கின்றன.

ஆகவே, தரையில் உறங்கிய ஒருவர் இரவிலோ விடியலிலோ காரணமறியா வயிற்றுவலியுடன் எழுந்தால், அவருடைய கண்ணிமைகளைப் பாருங்கள். மேல்நோக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். இமைகள் உயரவில்லையெனில் கடித் தழும்பைத் தேடி நேரத்தைச் செலவிடாமல் உடனடியாக வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். இமைகள் இயல்பாக இருந்தாலும், பாம்பு கடித்திருக்கலாம் என்ற ஐயம் சிறிதேனும் இருந்தால் வைத்தியசாலையில் கண்காணிப்பில் இருப்பதே பாதுகாப்பானது. அறிகுறிகள் தோன்றப் பல மணி நேரம் ஆகலாம்.

விரைவு ஏன் முக்கியம் என்பதற்குக் காரணம் உண்டு. கட்டுவிரியனின் நஞ்சு நரம்பின் முனைகளையே சிதைக்கிறது. விஷமுறிவு மருந்து இரத்தத்தில் உலவும் நஞ்சைக் கட்டுப்படுத்தும்; ஆனால் ஏற்கெனவே சிதைந்த நரம்பு முனைகளை அதனால் மீட்க இயலாது. அவை உடலால் மீண்டும் உருவாக்கப்படும்வரை, சில நாட்களுக்குச் செயற்கைச் சுவாசக் கருவியின் உதவி தேவைப்படலாம். இந்நிலையில் உள்ள நோயாளி கண் திறக்காமலும் விரலசைக்காமலும் கிடப்பதால் இறந்துவிட்டார் என உறவினர் நம்பிவிடக்கூடும். அவருக்கு உணர்வு இருக்கலாம். சுற்றியுள்ளோர் பேசுவதும் காதில் விழலாம். சுவாசம் உரிய நேரத்தில் காக்கப்பட்டால் இவ்வாறு கிடந்தவர்கள் முழுமையாக நலம் பெற்று வீடு திரும்புகின்றனர்.

கடி நேர்ந்தவுடன் செய்ய வேண்டியவை சிலவே. கடிபட்டவரை ஆறுதற்படுத்தி, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்திருங்கள். மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றைக் கழற்றுங்கள். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய நோயாளர் காவு வண்டி கட்டணமின்றி வரும். கயிற்றால் இறுகக் கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல், விஷக்கல் வைத்தல் ஆகியவற்றைத் தவிருங்கள். பாம்பைத் துரத்திக் கொல்ல முயன்ற இன்னொருவரும் கடிபடுவது உண்டு. எட்ட நின்று கைத்தொலைபேசியில் படம் எடுக்க முடிந்தால் போதும். ஊர் விஷகடி வைத்தியர்மீது உங்களுக்கு மதிப்பு இருக்கலாம். அவரிடம் பிறகு செல்லலாம். செயற்கைச் சுவாசம் அளிக்கும் வசதி வைத்தியசாலையில்தான் உள்ளது.

இலங்கை வைத்தியசாலைகளில் பயன்படும் விஷமுறிவு மருந்து இந்தியாவில் தயாராவது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிராக அது உருவாக்கப்படுகிறது. வீட்டுத் தோட்டத்துச் சருகுக்குள் கிடக்கும், மூக்கு மேல்நோக்கி வளைந்த சிறிய விரியனுக்கு அது பயன்தராது. அவ்விரியன் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால், கடித்த பாம்பு சிறியதுதானே என வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

தடுக்கும் வழி எளிது. கட்டிலில் உறங்குங்கள். கட்டில் இல்லையெனில் நுளம்பு வலையைக் கட்டி, அதன் ஓரங்களைப் பாயின் அடியில் நன்கு செருகிவிடுங்கள். நுளம்புக்கெனக் கட்டிய வலை பாம்பையும் தடுக்கிறது. கதவின் அடியிலுள்ள இடைவெளியைத் துணியால் அடையுங்கள். இரவில் எழுந்தால் விளக்கை ஏற்றிய பின்னரே காலைத் தரையில் ஊன்றுங்கள். நெல் மூடைகளை உறங்கும் அறையில் வைக்காதீர்கள். எலி வந்தால் பாம்பும் வரும்.

வீட்டில் காணப்படும் வெண்வரிப் பாம்புகள் யாவும் கட்டுவிரியன் அல்ல. பல்லியைத் தேடிச் சுவரேறும் ஓநாய்ப்பாம்பும் அதே தோற்றம் உடையது, நஞ்சற்றது. ஆயினும் இரவு விளக்கொளியில் இரண்டையும் வேறுபடுத்த முயல்வது விவேகமன்று. பட்டப்பகலில் முற்றத்தைக் கடந்து ஓடும் நீண்ட சாரைப்பாம்பு எலிகளை உண்டு உங்களுக்கு உதவுகிறது. அதை அடித்துக் கொல்வதால் எலிகளுக்கே நன்மை.

சிறிய சிவந்த தேளும் பெரிய கரிய தேளும்

கையகலமுள்ள கரிய தேளைக் கண்டால் வீடே கலங்கும். அதன் கொட்டு வலிக்கும். எனினும் பெரும்பாலும் அவ்வளவே. யாழ்ப்பாணக் குடாநாட்டில் காணப்படும், மெல்லிய கொடுக்குகளையுடைய செம்பழுப்பு நிறச் சிறு தேளே உண்மையில் ஆபத்தானது. இந்தியாவிலும் காணப்படும் இத்தேள் கொட்டினால் தாங்கொணா வலி உண்டாகும். சிலருக்கு, குறிப்பாகச் சிறுவர்களுக்கு, மிகுதியான வியர்வை, வாந்தி, கைகால் குளிர்தல், நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத் திணறல் ஆகியவை தொடரலாம். நஞ்சு இதயத்தையும் நுரையீரலையும் பாதிப்பதன் அறிகுறிகள் இவை. இதற்குப் பாம்பின் விஷமுறிவு மருந்து உதவாது. வைத்தியசாலையில் பிராசோசின் எனும் மருந்து பயன்படுத்தப்படுகிறது. வலி மட்டுமே இருந்தாலும் சிறுவரைத் தாமதமின்றிக் கொண்டு செல்லுங்கள்.

விறகு, ஓடு, கல் ஆகியவற்றை வீட்டுச் சுவரை ஒட்டிக் குவிக்காதீர்கள். பாடசாலைச் சப்பாத்தைப் பிள்ளை அணியுமுன் தலைகீழாகத் தட்டும் பழக்கம், பல் துலக்கும் பழக்கத்தைப் போலவே கற்பிக்கப்பட வேண்டியது.

பகலில் கடிக்கும் நுளம்பு

எண்ணிக்கையில் நோக்கினால் இக்கட்டுரையில் கூறப்படும் எவ்வுயிரையும்விட நுளம்பே அதிகம் பேரை நோயாளியாக்குகிறது. 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 186,000க்கும் அதிகமானோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இந்நுளம்பு சாக்கடையில் பிறப்பதில்லை. தெளிந்து தேங்கிய நீரில், உங்கள் முற்றத்திலேயே பிறக்கிறது. சிரட்டை, தயிர்ச்சட்டி, வாழையின் இலைக்கவடு, கூரைப்பீலி, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு ஆகிய எதுவும் அதற்குப் போதும். முட்டையிலிருந்து முழு நுளம்பாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆகின்றன. ஆதலால் வாரம் ஒருமுறை வீட்டைச் சுற்றிவரும் வழக்கம் அவசியமாகிறது.

ஒரு நுணுக்கம் பலரால் தவறவிடப்படுகிறது. முட்டைகள் தொட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டு, நீரின்றியும் பல மாதங்கள் உயிருடன் இருக்கும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்சுவரைத் தும்பினால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

காய்ச்சல் கண்டால் உரிய அளவில் பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள். அஸ்பிரின், இபுபுரோஃபன் போன்றவை இரத்தக்கசிவைத் தூண்டலாம். கஞ்சி, இளநீர், ஜீவனி ஆகியவற்றைப் பருகக் கொடுத்து, காய்ச்சலின் மூன்றாம் நாளுக்குள் வைத்தியரின் ஆலோசனைப்படி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். டெங்குவின் அபாயக் கட்டம் காய்ச்சல் தணியும் வேளையிலேயே தொடங்குவதுண்டு. உடல் குளிர்ந்துவிட்டது எனக் குடும்பம் நிம்மதியடையும் அந்நாளில் வயிற்றுவலி, தொடர் வாந்தி, சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள்.

மற்றொரு நுளம்பைப் பற்றியும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். இலங்கை 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. அதற்குச் சில மாதங்களுக்குள், நகர்ப்புற மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபென்சி எனும் நுளம்பு மன்னாரில் கண்டறியப்பட்டது. அது வீட்டுக் கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகும். நுளம்பு இருந்தும் நோய் பரவாதிருப்பதற்குக் காரணம், நோய்க்கிருமி இங்கு இல்லாமையே. அதனால் கிணற்றுக்கு வலையிடுமாறோ குடம்பிகளை உண்ணும் மீன்களை விடுமாறோ பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேட்டால் ஒத்துழையுங்கள். இந்தியா, ஆபிரிக்க நாடுகள் ஆகியவற்றுக்குச் சென்று திரும்பிய ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், பயண விவரத்தை வைத்தியரிடம் அவர் கேட்கும் முன்பே கூறுங்கள்.

எலியும் ஏனையவையும்

எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் தோலிலுள்ள சிறு காயங்கள் வழியாக எலிக்காய்ச்சலை உண்டாக்கும். வெள்ளம் வடிந்தபின் வீட்டைத் துப்புரவு செய்யும்போது காலுறையும் சப்பாத்தும் அணியுங்கள். காய்ச்சலுடன் கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் ஆகியவை இருந்தால் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வயலில் இறங்குவோர் முன்காப்பு மருந்து பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டறியலாம்.

கூரைக்குள் குடியிருக்கும் மரநாயோ முற்றத்துக் கீரியோ கடித்தால் அது நீர்வெறுப்பு நோய்க்கான வாய்ப்பாகக் கருதப்பட வேண்டும். காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

மட்டத்தேள் கடித்தால் கடும் வலி உண்டாகும். பெரியவர்களுக்கு உயிராபத்து மிக அரிது. தாங்கக்கூடிய சூடான நீரில் கடிபட்ட இடத்தை வைத்திருப்பது வலியைத் தணிக்கும். கரப்பான் பூச்சியின் எச்சமும் உதிர்ந்த தோலும் ஆஸ்துமாவைத் தூண்டும் என்பதால், இழுப்புள்ள பிள்ளையின் வீட்டில் அதற்குக் கூடுதல் கவனம் தேவை.

பல்லி நஞ்சுடையது அன்று. பல்லி விழுந்த உணவை எறிந்துவிடுவது சரியே. அதன் குடலிலுள்ள கிருமிகள் வயிற்றுப்போக்கை உண்டாக்கலாம். மற்றபடி, அது நுளம்பையும் பூச்சியையும் உண்டு சுவரில் இருந்துவிட்டுப் போகட்டும். அது எத்திசையில் சொல்கிறது என்பதன் பலனைச் சுகாதாரத் துறை ஆராய்வதில்லை.

நஞ்சு வைக்கும் முன்

எலியையும் பூச்சியையும் ஒழிக்க வாங்கும் நஞ்சு, அவற்றைவிட அதிகத் தீங்கைச் சிறுவர்க்கு விளைவிக்கக்கூடும். எலி நஞ்சை உணவுப்பொருள் வைக்கும் தட்டிலோ, பூச்சிநாசினியையும் மண்ணெண்ணெயையும் பானப் போத்தலிலோ ஒருபோதும் வைக்காதீர்கள். முதலில் எலிப்பொறியைப் பயன்படுத்திப் பாருங்கள், உணவை மூடிவையுங்கள், குப்பையை அன்றன்றே அகற்றுங்கள். பிள்ளை எதையேனும் விழுங்கியிருந்தால் வாந்தியெடுக்கச் செய்ய வேண்டாம். மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் சென்றால் பாதிப்பு பன்மடங்காகும். நஞ்சின் உறையையோ போத்தலையோ கையில் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ற மூன்று விவரங்களையும் வைத்தியர் முதலில் கேட்பார்.