நூல் பிடித்துப் பிறந்த வழி

பள்ளிக்கூட மேசையில் இருக்குமே, அந்த உலக உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் ஒரு நூலின் நுனியை விரலால் அழுத்தி, மறுநுனியை சான் பிரான்சிஸ்கோ வரை இழுத்து இறுக்குங்கள். சுவர் வரைபடத்தில் பழகிய கண், நூல் பசிபிக் கடலின் மேல் போகும் என்று நினைக்கும். நூலோ வடக்கே ஏறி, திபெத், மங்கோலியா, சைபீரியா, அலாஸ்கா என்று சுற்றிக்கொண்டு இறங்கும். அதன் நீளம் 13,993 கிலோமீட்டர்.

தூரம் என்றைக்கும் இருந்ததுதான். வழிதான் இல்லை. பெங்களூரின் ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் வேலை பார்ப்பவர்கள் துபாயிலோ பிராங்பர்ட்டிலோ இறங்கி, விமானம் மாறித்தான் கலிபோர்னியா போனார்கள்.

முதல் தடை பெங்களூரே. ஊர் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே இருப்பதால் காற்று மெல்லியது. நிறைமாதக் கர்ப்பிணி போல எரிபொருள் சுமந்த விமானம் எழும்ப நீளமான ஓடுதளம் வேண்டும். 2008இல் ஊருக்கு வெளியே தேவனஹள்ளியில் திறந்த விமான நிலையத்தில் 4,000 மீட்டர் ஓடுதளம் அமைந்தது.

அடுத்த தடை திபெத். விமானத்துக்குள் காற்றழுத்தம் போனால் தலைக்கு மேலிருந்து முகமூடி விழும். பயணிகளுக்கு அதில் வரும் பிராணவாயு பொதுவாகக் கால் மணி நேரம் போலத்தான் தாங்கும். அதற்குள் சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கு இறங்கியாக வேண்டும். திபெத்தில் தரையே சராசரியாக 4,500 மீட்டரில் இருக்கிறது. இறங்குவது எங்கே?

அப்படியென்றால் வடதுருவம். நேர் வடக்கே ஏறித் துருவத்தைத் தொட்டு, நேர் தெற்கே இறங்கினால் நூலைவிட நானூறு கிலோமீட்டர் போலத்தான் கூடும். ஆனால் அங்கே குளிர். ஜெட் எரிபொருள், வகையைப் பொறுத்து, மைனஸ் 40 அல்லது 47 டிகிரியில் உறையத் தொடங்கும். விமானிகள் தொட்டியின் வெப்பநிலையில் ஒரு கண் வைத்தபடியே பறக்க வேண்டும். வழியில் எங்காவது இறங்க நேர்ந்தால் போட்டுக்கொள்ளத் தனிக் குளிருடையும் உடன் வரும். ஏர் இந்தியா 2019 ஆகஸ்ட் 15 அன்று டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குத் துருவத்தின் மேல் பறந்து இந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டது.

2021 ஜனவரி 9, சனிக்கிழமை இரவு எட்டரை மணி. கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் நான்கு பெண் விமானிகள், 238 இருக்கைகள் கொண்ட ஏர் இந்தியாவின் போயிங் 777-200எல்ஆர் விமானத்தை சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு நேரடியாகக் கிளப்பினார்கள். காற்றின் போக்குக்கு வளைந்து கொடுத்ததில் பறந்த தூரம் சுமார் 16,000 கிலோமீட்டர் ஆனது. பதினேழு மணி நேரம். கிளம்பும்போது இரவு, ஜனவரியில் துருவத்தில் எப்போதுமே இரவு, திங்கள் அதிகாலை தேவனஹள்ளியில் இறங்கியபோதும் இரவு. ஞாயிற்றுக்கிழமை வானத்திலேயே கரைந்துபோனது.

எதிர்த்திசையில் கடிகாரம் தாராளம் காட்டியது. மதியம் பெங்களூரில் சாப்பிட்டுக் கிளம்பியவருக்கு, பதினாறு மணி நேரம் பறந்த பிறகும், அதே தேதியின் மாலைதான் சான் பிரான்சிஸ்கோவில் காத்திருந்தது.

2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. வட அமெரிக்கா போய்வந்த விமானங்கள் சுற்றுவழியில் போயின. சில நடுவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டன. உருண்டையில் இழுத்த நூல் மட்டும் ஒரு நூலளவும் நகரவில்லை.