புலிக்கணக்கும் கோப்புப் பெயரும்: பரம்பிக்குளம், சின்னாறு எல்லைக் காடுகளை முன்வைத்து

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள பரம்பிக்குளத்துக்குச் சாலைவழியே செல்வோர், பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டுக் காட்டைக் கடந்தே செல்கின்றனர். அங்கிருந்து தென்கிழக்கே இடுக்கி மாவட்டத்துச் சின்னாறு சரணாலயம், ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் அமராவதிப் பகுதியோடு ஒட்டிக் கிடக்கிறது. ஆனைமலை 2007-இலும் பரம்பிக்குளம் 2010-இலும் புலிகள் காப்பகங்களாக அறிவிக்கப்பட்டன. மாநிலங்கள் இரண்டு, வனத்துறைகள் இரண்டு, காடு ஒன்றே. இக்காட்டில் எல்லை கடந்து நடமாடும் ஒரு புலியை இருமுறை எண்ணாதிருப்பது எப்படி என்பது பழைய கேள்வி. அதற்கு இன்று கிடைத்துள்ள விடையின் ஒரு பகுதி, ஒளிப்படக் கோப்புகளுக்குப் பெயரிடும் முறையில் அடங்கியிருக்கிறது.

இந்தியாவில் முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பு 1972-இல் நடைபெற்றது; கிடைத்த எண்ணிக்கை 1827. ஒடிசாவின் வன அலுவலர் சரோஜ் ராஜ் சௌத்ரி 1966-இல் உருவாக்கிய காலடித்தட முறையே அதன்பின் நெடுங்காலம் வழக்கில் இருந்தது. மண்ணில் பதிந்த தடத்தைக் கண்ணாடிமேல் வரைந்து, தாளுக்கு மாற்றி, வடிவ வேறுபாட்டைக் கொண்டு தனிப்புலியை அடையாளம் காண்பது அம்முறை. ஈர மண்ணில் ஒரு வடிவமும் புழுதியில் வேறொரு வடிவமும் காட்டும் தடத்தை வரைபவரின் கையும் மாற்றிவிடக்கூடும். எல்லையின் இருபுறமும் தனித்தனியே வரையப்பட்ட தாள்களை ஒப்புநோக்கி, இரண்டும் ஒரே புலியினுடையவை என்று நிறுவ உறுதியான வழி இல்லை.

ராஜஸ்தானின் சரிஸ்காவில் புலிகள் ஒன்றுகூட எஞ்சவில்லை என்பது 2005-இல் வெளிப்பட்டபோது அம்முறையின் மீதிருந்த நம்பிக்கை குலைந்தது. 2002-இல் காலடித்தட முறை காட்டிய எண்ணிக்கை 3642. 2006-இல் புதிய முறை தந்த மதிப்பீடு 1411. முறைகள் வேறானவை ஆதலின் இவ்விரு எண்களை நேரடியாக ஒப்பிட இயலாது. ஆயினும் எண்ணும் முறையே ஆய்வுக்குரிய பொருள் என்பதை அவை உணர்த்தின.

புதிய முறையின் அடிப்படை ஒளிப்படம். விலங்கு தானே இயக்கும் கேமரா இந்தியாவுக்குப் புதிதன்று. எஃப். டபிள்யூ. சாம்பியன் 1920-களிலேயே தடக்கம்பி கட்டிய கேமராவால் புலிகளைப் படமெடுத்தார். அவரது நூல் 1927-இல் வெளிவந்தது. நாகரஹோளேயில் உல்லாஸ் கரந்த் மேற்கொண்ட ஆய்வு 1995-இல் வெளியாகி, வரிகளின் அமைப்பைக் கொண்டு தனிப்புலியை அடையாளம் கண்டு புள்ளியியல் வழியில் எண்ணிக்கையை மதிப்பிடலாம் என்று காட்டியது. அக்காலத்தில் படச்சுருளே வரிசையைக் காத்தது. எதிர்மறைச் சுருளில் ஒரு படத்தை அடுத்து எது வரும் என்பது மாறாது. சுருளின் மேல் நிலையத்தின் பெயரை எழுதிவைத்தால் போதும்.

எண்மக் கேமரா அந்த வரிசையைக் கலைத்தது. 1998-இல் ஜப்பானில் வகுக்கப்பட்ட கேமராக் கோப்பு விதி, ஒவ்வொரு படத்துக்கும் நான்கு எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட பெயரை வழங்கியது. இலக்கங்கள் 0001 முதல் 9999 வரை மட்டுமே செல்லும். பின்னர் மீண்டும் 0001. நூறு கேமராக்களைக் காட்டில் வைத்தால் 0001 என்று முடியும் ஒரே பெயரில் நூறு படங்கள் கிடைக்கும். அவற்றை ஒரே கோப்புறையில் கொட்டினால் ஒன்று மற்றொன்றை அழிக்கும். அழியாமல் தப்பினாலும் எந்தப் படம் எந்த மரத்தடியில் எடுக்கப்பட்டது என்பது தெரியாமற் போகும். இடம் தெரியாத புலிப் படத்தால் கணக்கெடுப்புக்குப் பயனில்லை.

படங்களின் பெருக்கம் சிக்கலை மேலும் கடுமையாக்கியது. 2018 மதிப்பீட்டில் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டு 3,48,58,623 படங்கள் கிடைத்தன. அவற்றுள் புலிப் படங்கள் 76,651. அதாவது ஏறத்தாழ 455 படங்களுக்கு ஒன்று. ஒரு படத்தைப் பார்த்துப் பெயர் மாற்ற ஐந்து நொடி ஆகும் எனக் கொண்டால், நாளொன்றுக்கு எட்டு மணிநேரம் விடுப்பின்றி உழைக்கும் ஒருவருக்குப் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் தேவைப்படும். மதிப்பீடோ நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடப்பது.

இவ்விடத்தில்தான் தொகுதிச் செயற்பாடு இன்றியமையாததாயிற்று. ஒவ்வொரு படக் கோப்பினுள்ளும் எடுக்கப்பட்ட தேதியும் நேரமும் பதிவாகியிருக்கும். அவற்றைப் படிக்கவும் திருத்தவும் உதவும் எக்ஸிஃப்டூல் என்னும் மென்பொருளைப் பில் ஹார்வி 2003-இல் வெளியிட்டார். அதனைப் பயன்படுத்தும் காம்ட்ராப்-ஆர் என்னும் இலவசத் தொகுப்பு 2016-இல் அறிமுகமானது. அது நிலையம், கேமரா, தேதி, நேரம், ஒரே நொடியில் எடுத்த படங்களுக்கு வரிசையெண் ஆகியவற்றைக் கோத்துப் புதிய பெயரைத் தானே இடுகிறது. இந்திய மதிப்பீட்டில் படங்களை விலங்கினவாரியாகப் பிரிக்க, செயற்கை நுண்ணறிவு கொண்ட கேட்ராட் என்னும் மென்பொருள் 2018-இல் பயன்படுத்தப்பட்டது. புலியின் வரிகளை முப்பரிமாண உருவின்மேல் பொருத்தி ஒப்பிடும் பணியை வேறொரு நிரல் செய்கிறது. தேசியப் படக் களஞ்சியம் ஒன்று இருப்பதால், ஆனைமலையில் பதிவான புலி பரம்பிக்குளத்திலும் பதிவானால் இரண்டும் ஒன்றே என்று கண்டறிய இயல்கிறது.

எனினும் தானியங்கி முறை உண்மையைத் தானே உண்டாக்குவதில்லை. புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறானவை. ஆகவே ஒவ்வொரு நிலையத்திலும் இரு கேமராக்கள் எதிரெதிரே வைக்கப்படுகின்றன. இரு கடிகாரங்களும் ஒத்திருந்தால்தான் அவ்விரு படங்களும் ஒரே புலியுடையவை என்று இணைக்க முடியும். மின்கலம் மாற்றும்போது ஒரு கேமராவின் தேதி தொடக்க நிலைக்குத் திரும்பிவிட்டால், மென்பொருள் தயங்காமல் ஆயிரக்கணக்கான படங்களுக்குப் பிழையான பெயரை ஒரே ஒழுங்கில் இட்டுவிடும். கையால் எழுதியபோது ஆங்காங்கே சிதறிக் கிடந்த பிழை, இப்போது சீராகவும் முழுமையாகவும் நிகழ்கிறது. பார்வைக்கு அது பிழையாகவே தோன்றாது.

அதைத் திருத்தவும் அதே மென்பொருளால் இயலும். ஒரு கட்டளையில் எல்லாப் படங்களின் நேரத்தையும் உரிய அளவு நகர்த்திவிடலாம். ஆனால் எவ்வளவு நகர்த்துவது? கேமராவை நிறுவும்போது நிலைய எண்ணையும் உண்மையான தேதி, நேரத்தையும் பலகையில் எழுதி அதன்முன் பிடித்து ஒரு படம் எடுத்திருந்தால் மட்டுமே விடை கிடைக்கும். காட்டில் அதைச் செய்யக்கூடியவர்கள் களப்பணியாளர்கள். எல்லைக் காடுகளில் அவர்களுள் காடர், மலசர், முதுவர் போன்ற பழங்குடியினரும் உள்ளனர்.

2022 மதிப்பீட்டில் படங்களின் எண்ணிக்கை 4,70,81,881 ஆக உயர்ந்தது. அது இன்னும் உயரும். மென்பொருளும் விரைவு பெறும். காலடித்தடத் தாளின் நம்பகம் வரைந்தவரின் கையைச் சார்ந்திருந்தது. கோப்புப் பெயரின் நம்பகம் கடிகாரத்தைச் சரிபார்த்தவரின் கையைச் சார்ந்திருக்கிறது. அறிக்கைகளில் மென்பொருளின் பெயர் இடம்பெறுகிறது. களக்குறிப்பேடும் முதல் சான்றாக அவற்றோடு சேர்த்துப் பேணப்பட்டால்தான், பிற்கால ஆய்வாளர் இவ்வெண்களைச் சோதித்துப் பார்க்க இயலும்.