கரிசல் மாணவனின் வருகைப் பதிவு

கரிசல் இலக்கியம் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த கதை நமக்குத் தெரியும். பள்ளிப் படிப்பையே முடிக்காத இடைசெவல் சம்சாரி கி.ராஜநாராயணனை 1989இல் புதுவைப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக அழைத்துக்கொண்டது. பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்த உருளைகுடி சோ.தர்மன், ‘சூல்’ நாவலுக்காக 2019ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றார். அவர்கள் எழுதிய மண்ணின் பிள்ளைகள் மாணவர்களாக உள்ளே வந்த கதையைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

வாசல்கள் திறக்காமல் இல்லை. காமராசரின் மதிய உணவுத் திட்டம் 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கியது. 1966இல் கோவில்பட்டிக்குக் கோ.வெங்கடசுவாமி நாயுடு கல்லூரி வந்தது. 1990இல் நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் எழுந்தது. தீப்பெட்டி ஆபீசுகளில் வதங்கிய சிறார்களைப் பள்ளிக்கு அனுப்பும்படி 1996இல் உச்ச நீதிமன்றமும் ஆணையிட்டது.

ஆயினும் கல்லூரி வயதை எட்டிய மகன், ஏழை வீட்டில் ஒரு கூலி. மானாவாரி நிலத்தில் விதைப்பும் களையெடுப்பும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியவை. பருவத் தேர்வும் அதே நவம்பரில்தான். காடு அழைக்கும் நாளில் வகுப்பும் அழைக்கிறது. வருகை எழுபத்தைந்து விழுக்காடு இருக்க வேண்டும் என்கிறது விதி.

சில ஆண்டுகளுக்கு முன், தீர்வை பாக்கிக்காக வீட்டின் கதவையே கழற்றிக்கொண்டு போகும் கி.ரா.வின் ‘கதவு’ கதையை நடத்திக்கொண்டிருந்தேன். கடைசிப் பெஞ்சில் ஒருவன் உறங்கினான். எழுப்பிப் பகடி செய்தேன், வகுப்பு சிரித்தது. மில்லில் இரவு ஷிப்டு முடித்து நேரே வந்தவன் என்பது பின்னரே தெரிந்தது. வறுமையைப் பாடமாக நடத்தியவனுக்கு எதிரே இருந்த வறுமை தெரியவில்லை.

அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு 2022இல் புதுமைப்பெண் திட்டமும், மாணவர்க்கு 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் வந்தன. மாதம் 1000 ரூபாய். அது பேருந்துக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் உதவும். மகனின் கூலியை ஈடுசெய்யாது. விதைப்புக் காலத்துக்கு இசைந்த நாட்காட்டியும், ஷிப்டு வேலை பார்ப்பவனுக்கு ஏற்ற வகுப்பு நேரமும் அதனோடு சேர்ந்து வர வேண்டும்.

அந்த மாணவன் இரண்டாம் ஆண்டில் வருகை குறைந்து, தேர்வெழுத முடியாமல் நின்றுவிட்டான். பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே ‘வரவில்லை’ என்று குறித்தவன் நான்தான்.